கண்மாய்க்குள் கூடாரம் போடலாமா? செட்டிநாட்டில் ஐப்பசி மழை, காற்று, கேரவன்

அக்டோபர் 4, இரவு 9.10 | கேட்டவர்

ஐப்பசி நடுவில் மூன்று குடும்பமாகக் காரைக்குடிப் பக்கம் வருகிறோம். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி, திருமயம் கோட்டை. லாட்ஜ் எடுக்கவில்லை. நாலு பேர் படுக்கிற கூடாரம் இரண்டு, டெம்போ டிராவலரை மாற்றிக் கட்டிய கேரவன் ஒன்று. போன மாதம் பார்த்தபோது ஒரு கண்மாய்க்குள் புல் முளைத்து, தரை மட்டமாக, வண்டி நேரே இறங்குகிற மாதிரி இருந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லை. அங்கேயே போடலாமா? மழை வந்தால் சுற்றிலும் வாய்க்கால் வெட்டிவிட்டால் போதும் என்கிறார் மைத்துனர்.

அக்டோபர் 4, இரவு 10.25 | பள்ளத்தூர்க்காரர்

வேண்டாம். கண்மாய்க்குள் போடாதீர்கள்.

இந்தப் பக்கத்துக் கண்மாய்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகத் தொடராக இருப்பவை. மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக வழிந்து கீழ்க் கண்மாய்க்கு வரும். உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்போதே, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மேற்கே பெய்த மழை நடுராத்திரியில் வரத்துக்கால் வழியாக வந்து சேரும். இரைச்சல் போடாமல், புல்லுக்கு அடியில் பரவி வரும். கூடாரத்துத் தரைவிரிப்பு மிதக்கும்போதுதான் தெரியும்.

இன்னொன்று, அந்த மட்டமான தரை கரம்பை. காய்ந்தால் சிமென்ட், நனைந்தால் களி. ஒரு உழவு மழைக்கே மூன்று டன் வண்டியின் பின் சக்கரம் அச்சு வரை இறங்கும். டிராக்டர் வந்தாலும் அதுவும் சேர்ந்து சிக்கும்.

கரைக்கு வெளிப்பக்கமும் சரியில்லை. மடைக்கு நேர் கீழும் கலுங்குக்கு நேர் கீழும் தண்ணீர் போகிற பாதை. பழைய கரை உடைந்தாலும் முதலில் அடிபடுவது அதுதான். கரை மேலேயே போடலாமே என்று தோன்றும். சுற்று வட்டாரத்தில் உயரமான இடம் அது, இடி விழத் தோதானது. வண்டிப் பாரத்துக்குக் கரை ஓரம் சரியவும் செய்யும்.

அக்டோபர் 5, காலை 6.50 | பள்ளத்தூர்க்காரர்

எங்கே போடக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டேன். எங்கே போடலாம் என்பது முக்கியம்.

செம்மண் சரளை கிடக்கிற மேட்டுப் பொட்டல் நல்லது. சரளை தண்ணீரை உறிஞ்சும், சக்கரம் இறங்காது. லேசான சரிவு இருக்கட்டும். ஒரு மீட்டருக்கு இரண்டு செ.மீ. இறக்கம் போதும், படுத்தால் உருளாது, தண்ணீரும் நிற்காது. வேலியையும் கருவேலம் புதரையும் பாருங்கள். வைக்கோல், சருகு, பிளாஸ்டிக் பை எந்த உயரத்தில் சிக்கிக் காய்ந்திருக்கிறதோ அதுவரை போன மழையில் தண்ணீர் வந்திருக்கிறது. தரை சாம்பல் நிறமாக வெடித்துக் கிடந்தால் அங்கே நாள்கணக்கில் தண்ணீர் நின்றது என்று அர்த்தம்.

மரத்தடி பற்றி. புளியமரத்துக் கிளை முன்னறிவிப்பு இல்லாமல் முறியும். தென்னைக்குக் கீழே மட்டையும் காயும் விழும். பனை பொட்டலில் தனியாக நிமிர்ந்து நிற்பதால் இடியை வாங்கும். தைல மரக் காட்டுக்குள் காற்று குறைவு என்று நினைத்துப் போடுகிறார்கள். நனைந்த மண்ணில் வேரோடு சாய்கிற மரம் அது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்து புதுக்கோட்டை, சிவகங்கை, திண்டுக்கல் வழியாகப் போனபோது ஆண்டாண்டு காலம் நின்ற பலாவும் தென்னையுமே சாய்ந்தன. மரத்தின் உயரம் எவ்வளவோ அந்தத் தூரமாவது தள்ளிப் போடுங்கள்.

எல்லாவற்றையும் விட நல்லது ஒரு வீட்டுக் கொல்லை அல்லது மதில் போட்ட காலி வளாகம். கானாடுகாத்தானில் கேட்டால் கிடைக்கும். அந்த ஊர்களில் தெருவே மழைத்தண்ணீர் ஊருணிக்கு ஓடுகிற வாட்டத்தில் போட்டது. எங்கே தண்ணீர் நிற்கும், எங்கே நிற்காது என்று அங்கே இருக்கிற ஆச்சிமார் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். யார் நிலமானாலும் கேட்டுவிட்டுப் போடுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு ஓடிப்போய்க் கதவைத் தட்ட ஒரு வீடு தெரிந்திருப்பது எந்தக் கூடாரத்தையும் விடப் பெரிய பாதுகாப்பு.

அக்டோபர் 5, காலை 11.15 | கேட்டவர்

சரி, கண்மாய் இல்லை. வாய்க்கால் வெட்டும் விஷயம்?

அக்டோபர் 5, பகல் 1.40 | பள்ளத்தூர்க்காரர்

சுற்றிலும் வெட்டினால் நீங்கள் ஒரு தொட்டிக்கு நடுவில் படுக்கிறீர்கள். நிறைந்ததும் உள்ளேதான் வரும். செம்மண்ணைக் கிளறினால் ஓரம் கரைந்து, ஆணி அடித்த இடமும் இளகும். மேட்டுப் பக்கம் மட்டும், கூடாரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, வில் மாதிரி வளைத்து, நாலு விரல் ஆழம். இரண்டு முனையும் பள்ளத்துப் பக்கம் திறந்திருக்க வேண்டும். கிளம்பும்போது மூடிவிடுங்கள், ஆடுமாட்டுக் கால் சிக்கும்.

அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்துத் தரையை விட நாலு பக்கமும் ஐந்து செ.மீ. சிறியதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலே விழுகிற மழையெல்லாம் அதில் பிடித்து உங்கள் முதுகுக்கு அடியில் வந்து நிற்கும். பாதிப் பேர் ‘கூடாரம் ஒழுகுகிறது’ என்று சொல்வது இதைத்தான்.

அக்டோபர் 6, இரவு 8.05 | பள்ளத்தூர்க்காரர்

இரண்டு நாளாக மழையையே பேசிவிட்டோம். இங்கே கூடாரத்தைக் கிழிப்பது மழை இல்லை, அதற்குக் கால் மணி நேரம் முன்னால் வருகிற காற்று.

இடிமேகம் பொழியத் தொடங்கியதும் அதற்குள்ளிருந்து குளிர்ந்த காற்று தரையில் மோதி நாலு பக்கமும் சிதறும். மேகம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து நம்மை நோக்கி வரும். பகல் முழுக்க மேற்குக் காற்று அடித்திருக்கலாம், நீங்களும் அதற்கு முதுகு காட்டிக் கூடாரம் போட்டிருப்பீர்கள். சாயங்காலம் கடல்பக்கத்துக் காற்று உள்ளே வந்து இரண்டும் முட்டுகிற இடத்தில் மேகம் கட்டும். அந்த மேகத்தின் காற்று வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வரலாம், அதாவது உங்கள் வாசல் பக்கம். அதனால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கயிறு இழுத்துக் கட்டுவது பயன் இல்லை. எல்லாப் பக்கமும், எல்லாக் கயிறும், பட்டப்பகலிலேயே.

அறிகுறி: மூன்று நாலு மணிக்குப் புழுக்கம், திடீரென்று காற்றே இல்லாமல் அசையாத இலை, பிறகு ஒரு குளிர்ந்த வீச்சு, செம்மண் புழுதி, மண்வாசனை. அந்தக் குளிர்ந்த வீச்சு முகத்தில் பட்ட பிறகு உங்களிடம் இருப்பது பத்து நிமிடம், சில நேரம் அதுவும் இல்லை. துணியைத் தேடாதீர்கள். விரிப்பந்தலை இறக்கி, அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடி, பிள்ளைகளை வண்டிக்குள் ஏற்றுங்கள்.

அக்டோபர் 6, இரவு 9.30 | வேன் ஓட்டுபவர்

இவர் சொல்கிற காற்றுக்கு ஒரு கணக்கு. மணிக்கு 40 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டர் துணியில் ஏறக்குறைய ஏழரை கிலோ பாரமாகத் தள்ளும். 80 கி.மீ. ஆனால் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு, முப்பது கிலோவுக்கு மேல். மூன்றுக்கு நாலு மீட்டர் தார்ப்பாயை நேராகக் காற்று பிடித்தால் 370 கிலோ. கடையில் கூடாரத்தோடு தருகிற சாண் நீளக் கம்பி ஆணி என்ன செய்யும்?

அதே தார்ப்பாயில் மழைக் கணக்கு: ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை ஒரு லிட்டர். 12 சதுர மீட்டரில் 50 மி.மீ. பெய்தால் 600 லிட்டர். நடுவில் குழி விழுந்து அதில் பத்தில் ஒரு பங்கு தேங்கினாலே கம்பு முறியும். எப்போதும் ஒரு மூலையைத் தாழ்த்திக் கட்டுங்கள்.

அக்டோபர் 7, காலை 7.20 | பள்ளத்தூர்க்காரர்

ஆணிக்கு வருகிறேன். கட்டட வேலைக்கு வாங்குகிற பத்து மி.மீ. முறுக்குக் கம்பியை ஒன்றரை அடிக்கு வெட்டி, ஒரு முனையைக் கொக்கியாக வளைத்து வாங்கிக்கொள்ளுங்கள். வெல்டிங் பட்டறையில் அரைமணி வேலை. ஒரு கூடாரத்துக்குப் பன்னிரண்டு. காய்ந்த சரளையில் சுத்தியலால் அடித்தால் கம்பி வளையும், உள்ளே போகாது. முதலில் கடப்பாரையால் ஒரு சாண் துளை போட்டு, பிறகு அடியுங்கள். ஆணியின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கயிறு ஆணிக்கு ஏறக்குறையச் செங்குத்தாக இழுக்கும்போதுதான் பிடி. தலைக்கு ஒரு பழைய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிடுங்கள், இருட்டில் கால் கிழியாது.

இந்த மண்ணின் குணம், காய்ந்தபோது விடாது, நனைந்தபின் பிடிக்காது. மாலையில் அசையாமல் நின்ற ஆணியை இரவு பன்னிரண்டு மணிக்கு இரண்டு விரலால் உருவலாம். ஆகவே காற்றுப் பக்கம் ஒவ்வொரு கயிற்றுக்கும் இரண்டு ஆணி. முன்னது பின்னதோடு கட்டப்பட்டிருக்கும், ஒன்று இளகினால் மற்றது தாங்கும். இன்னும் உறுதி வேண்டுமானால் சாக்கில் மண் நிரப்பி, வாயைக் கட்டி, இரண்டடி ஆழத்தில் புதைத்து, அதிலிருந்து கயிறு எடுங்கள். மேலே மண்ணை மிதித்து இறுக்க வேண்டும்.

கயிறு: பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி ஆணியைப் பிடுங்கும். நைலான் நனைந்தால் நீண்டு தொய்யும், முதல் மழைக்குப் பிறகு ஒருமுறை இறுக்கியே ஆகவேண்டும். பாலியஸ்டர் கயிறு இரண்டுக்கும் நடுவில் நன்றாக நிற்கும். லாரிக்காரர்கள் பாரம் இறுக்கப் போடுகிற முடிச்சைக் கற்றுக்கொண்டால் மழையில் நின்றபடி ஒரு கையால் இறுக்கலாம்.

தார்ப்பாயின் வளையம் பிய்ந்துவிட்டால் மூலையில் ஒரு வழவழப்பான கூழாங்கல்லை வைத்துத் துணியோடு சேர்த்துச் சுருக்குப் போடுங்கள். வளையத்தை விட அதுதான் உறுதி.

அக்டோபர் 7, காலை 10.05 | தேவகோட்டை வாசகர்

இடி பற்றி யாரும் சொல்லவில்லை. மின்னல் வெட்டியதிலிருந்து எண்ணினால் எத்தனை வருகிறதோ அத்தனை கிலோமீட்டர் தூரம். பத்து எண்ணினால் பத்து கி.மீ., பயமில்லை. வண்டிக்கு ரப்பர் டயர் இருப்பதால் வண்டிக்குள் இருந்தால் ஒன்றும் ஆகாது.

அக்டோபர் 7, காலை 11.30 | பள்ளத்தூர்க்காரர்

இரண்டையும் திருத்த வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று வினாடி எடுக்கும். பத்து எண்ணினால் மூன்று கி.மீ.தான், அடுத்தது உங்கள் மேலேயே விழலாம். மின்னல் வெட்டி முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டாலே உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு அரைமணி நேரம் வெளியே வரக்கூடாது.

டயர் காப்பாற்றுவதில்லை. மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வந்த மின்னலுக்கு ஒரு சாண் ரப்பர் தடையில்லை. காப்பாற்றுவது சுற்றிலும் இருக்கிற தகரக் கூடு. மின்சாரம் வெளித்தகட்டோடு தரைக்குப் போய்விடும். கண்ணாடியை ஏற்றி, உலோகத்தைத் தொடாமல் உட்கார்ந்தால் போதும். ஆனால் கேட்டவரின் வண்டியை நன்றாகப் பார்க்க வேண்டும். டிராவலரின் சொந்தத் தகர உடம்பா, இல்லை வெட்டிவிட்டு ஃபைபரில் கட்டிய உடம்பா? ஃபைபர் கூடு மின்னலுக்குக் கூடு இல்லை. அப்படியானால் இடி நேரத்தில் வீட்டுக்குள்ளோ தகரக் காருக்குள்ளோ போங்கள்.

கூடாரம் எந்த வகையானாலும் மின்னலுக்குப் பாதுகாப்பே கிடையாது. திண்ணையும் அப்படித்தான், அது திறந்த இடம். இரும்புத் தூணில் சாய்ந்துகொண்டு மழை பார்ப்பது எல்லோருக்கும் பிடிக்கும், இடி நேரத்தில் வேண்டாம். கதவைத் தாண்டி உள்ளே போய், முற்றத்துக் கம்பி, குழாய் எதையும் தொடாமல் இருங்கள்.

அக்டோபர் 8, மாலை 5.45 | வேன் ஓட்டுபவர்

கேரவன் பக்கம் நான் சொல்கிறேன்.

பக்கவாட்டில் சுருட்டி விரிக்கிற பந்தல்தான் முதலில் போகும். மணிக்கு 30 கி.மீ. காற்று வந்தாலே, அதாவது சின்னக் கிளைகள் முழுவதும் ஆடத் தொடங்கினாலே, சுருட்டிவிடுங்கள். கோயிலுக்குப் போகும்போதும் ராத்திரி படுக்கும்போதும் விரித்து விடாதீர்கள். காற்று அடியில் புகுந்தால் துணி மட்டும் கிழியாது, கூரையில் பொருத்திய தண்டவாளத்தையும் திருகோடு பிடுங்கிக்கொண்டு போகும். பிறகு அந்த ஓட்டை வழியாக வண்டி ஒழுகும்.

வண்டியின் மூக்கு மேகம் கட்டுகிற திசையைப் பார்க்க நிற்கட்டும். பக்கவாட்டில் பிடிக்கிற காற்றுதான் ஆட்டும். ஆனால் கிளம்பும் பாதை பின்னால் இருந்தால் பாதைக்கே முன்னுரிமை கொடுங்கள், நனைந்த மண்ணில் பின்வாங்கித் திருப்புவது பெரிய பாடு. நாலு மூலைத் தாங்கிக்கும் அடியில் ஓரடிப் பலகை. அந்தத் தாங்கி ஆட்டத்தை நிறுத்தத்தான், வண்டியைத் தூக்க அல்ல. கூரை ஜன்னலை மூடித் தாழ் போடுங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வைத்தால் அடிப்பாரம் கூடி வண்டி அமைதியாக நிற்கும்.

வெளியிலிருந்து கரன்ட் எடுக்கிறீர்கள் என்றால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் தானே அணைகிற சுவிட்ச்) இல்லாமல் எடுக்காதீர்கள். வயர் சேருமிடம் தரையில் கிடக்கக்கூடாது. பிளக்குக்கு முன்னால் வயர் ஒரு வளைவு தாழ்ந்து தொங்கினால் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இடி நெருங்கும்போது மொத்தமாகக் கழற்றிவிடுங்கள்.

ஜெனரேட்டர் நனைகிறது என்று பந்தலுக்குள்ளோ கதவோரத்திலோ இழுத்து வைப்பது, குளிருக்குக் கூடாரத்துக்குள் கரியடுப்பு வைப்பது, இரண்டும் கார்பன் மோனாக்சைடு. வாசனை இருக்காது, தூக்கத்திலேயே ஆள் போய்விடும். மழைக்கு ஜன்னலெல்லாம் அடைத்திருக்கும் நேரம் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அக்டோபர் 8, இரவு 9.00 | பள்ளத்தூர்க்காரர்

தண்ணீர்த் தொட்டி யோசனையில் ஒரு மாற்றுக் கருத்து. சரளையில் நிற்கும்போது சரி. களி கலந்த மண்ணில் 100 லிட்டர் கூட்டினால் 100 கிலோ கூடுகிறது, சக்கரம் இன்னும் இறங்கும். மண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சக்கரம் சிக்கிவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், குழிதான் ஆழமாகும். டயர்க் காற்றை மூன்றில் ஒரு பங்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மண்ணை வழித்து, சாக்கோ பனை மட்டையோ செருகி, இரண்டாவது கியரில் மெல்ல எடுக்க வேண்டும். சீமைக் கருவேலம் கிளையை வெட்டிப் போடாதீர்கள், முள் டயருக்குள் போகும்.

அக்டோபர் 9, பகல் 12.20 | கேட்டவர்

வண்டி தகர உடம்புதான், பார்த்துவிட்டேன். கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக் கொல்லை பேசியாகிவிட்டது. மழை எச்சரிக்கையில் எந்த நிறத்துக்குக் கிளம்பாமல் இருக்க வேண்டும்?

அக்டோபர் 9, பகல் 2.15 | பள்ளத்தூர்க்காரர்

மஞ்சள் என்றால் கவனத்தோடு வரலாம். ஆரஞ்சு என்றால் கூடாரம் வேண்டாம், கூரையுள்ள இடம் பாருங்கள். சிவப்பு என்றால் பயணமே வேண்டாம். வானிலைத் துறை கனமழை என்று சொல்வது ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை, மிக கனமழை 204.4 வரை. அதே 70 மி.மீ. நாள் முழுக்கத் தூறினால் ஒன்றும் இல்லை, இரண்டு மணி நேரத்தில் கொட்டினால் ஊரே தண்ணீர். அதனால் அளவை மட்டும் பார்க்காதீர்கள். வங்கக் கடலில் புயல் என்றால் கரை தொடுவதற்கு 48 மணி நேரம் முன்னால் ஒரு எச்சரிக்கையும் 24 மணி நேரம் முன்னால் அடுத்ததும் வரும். முதலாவது வந்ததுமே ஆணியைப் பிடுங்குங்கள்.

காரைக்கால் ரேடார் படம் இங்கே உதவும். ஆனால் நாம் அதிலிருந்து சுமார் 150 கி.மீ. தள்ளி இருக்கிறோம். பூமியின் வளைவாலும், கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து அனுப்புவதாலும் அந்தக் கதிர் நம் தலைக்கு இரண்டு கி.மீ.க்கும் மேலேதான் போகும், தரையோரக் காற்றைக் காட்டாது. மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதற்கு மட்டும் அதை நம்புங்கள். மின்னல் எச்சரிக்கைக்குக் கைபேசியில் தாமினி செயலி.

அக்டோபர் 9, மாலை 6.30 | வேன் ஓட்டுபவர்

வழியில் தரைப்பாலம். மணிமுத்தாறு, பாம்பாறு, தேனாறு எல்லாம் ஆண்டில் பாதி மணல், மழைக்கு மட்டும் ஆறு. ஓரடித் தண்ணீர் வேகமாக ஓடினால் சின்னக் காரை மிதக்க வைக்கும், இரண்டடி பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போகும். கேரவன் உயரமாக இருக்கிறது என்ற தைரியம் உதவாது, பக்கவாட்டுப் பரப்பு பெரிது. தண்ணீருக்கடியில் பாலம் இருக்கிறதா என்பதே தெரியாது. நில்லுங்கள், வடியட்டும். மின்கம்பி அறுந்து கிடந்தால் வண்டியை விட்டு இறங்க வேண்டாம். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077.

அக்டோபர் 10, காலை 7.00 | பள்ளத்தூர்க்காரர்

மழை விட்ட பிறகு ஊர்வன வெளியே வரும், இதைச் சொல்லாமல் விடக்கூடாது. கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைத் தேடி வருவதில்லை. காய்ந்த, கதகதப்பான இடத்தைத் தேடி வரும், நீங்கள் அங்கே இருப்பீர்கள். கடித்தது வலிக்கவே வலிக்காமல் இருக்கலாம். உள் ஜிப்பைக் கடைசி விரல்கடை வரை இழுத்து மூடுங்கள், முடிந்தால் மடக்குக் கட்டில் போடுங்கள். செருப்பு, ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள், பூரானும் தேளும் அதற்குள்தான். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், அசைக்காமல் 108. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் உண்டு.

முதல் மழை இரவில் ஈசல் வரும், வெளி விளக்கை அணைத்தால் போய்விடும்.

அக்டோபர் 10, காலை 9.40 | தேவகோட்டை வாசகர்

சாப்பாடு? மழையில் அடுப்பு எங்கே பற்றவைப்பது?

அக்டோபர் 10, காலை 10.10 | பள்ளத்தூர்க்காரர்

பற்றவைக்க வேண்டாம். மதியமே புளியோதரை கிளறி, இட்லிக்குப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி வைத்துவிட்டால் ராத்திரிக்கு ஆயிற்று. பெரிய பிளாஸ்கில் வெந்நீர். பிள்ளைகளுக்குத் தேன்குழலும் சீடையும். நெருப்பே இல்லாமல் ஒரு ராத்திரி ஓட்ட முடிந்தால் பாதி ஆபத்து குறைந்தது.

அக்டோபர் 11, இரவு 8.50 | பள்ளத்தூர்க்காரர்

ஈரக் கூடாரத்தைச் சுருட்டித்தான் கிளம்பியாக வேண்டும் என்றால் பரவாயில்லை, ஊர் போனதும் அன்றைக்கே மொட்டை மாடியில் விரித்துவிடுங்கள். இரண்டு நாள் சுருட்டி வைத்தால் கரும்புள்ளி விழும், பிறகு எந்தச் சோப்புக்கும் போகாது, உள்பூச்சும் உரியும். உச்சி வெயில் வேண்டாம், நிழலும் காற்றும் போதும். ஜிப்புப் பற்களில் செம்மண் ஏறியிருக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்து, கழுவி, காய்ந்த பிறகு மெழுகுவர்த்தியை மேலும் கீழும் ஒருதரம் தேயுங்கள். எண்ணெய் போடாதீர்கள், இன்னும் மண் ஒட்டும்.